செம்புக்குள்ள முழு வீடும் தெரியுது



இந்த முறை எபிசோடில், போன் கமராவுக்குள் இருக்கிற மென்பொருள் எங்கட படங்களை என்னவெல்லாம் செய்யுது என்று கதைத்தோம். நேரம் போதாமல் நான் விட்ட விசயம் ஒன்று இருக்கு. வீட்டு ஹோலுக்குள், ஒரு பல்கனிக் கதவையும் இரண்டு சாதாரண பல்புகளையும் வைத்துக்கொண்டு கரகாட்டத்தைப் படம் எடுக்கிறது எப்படி? கேட்கச் சின்ன விசயம்தான். ஆனால் இரண்டு மாதமாக என்ர சனிக்கிழமைகளை அதுதான் விழுங்கிக்கொண்டிருக்கு.

காரணம் பெரியம்மா. ஸ்காபரோவில் ஒரு தமிழ் வகுப்பில் இருபது வருசத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கரகமும் கும்மியும் கோலாட்டமும் சொல்லிக்குடுக்கிறா. வாற வசந்தகாலம் அவவுக்கு இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை. அதுக்குப் பிறகு நடக்கலாம், படி ஏறலாம். முழங்காலை மடித்துச் சுழன்று ஆடுறதை மட்டும் மறந்துவிடச் சொல்லிப்போட்டார் வைத்தியர். அதற்குமுன் தன்ர பதினாறு அடவுகளையும் ஒழுங்காகப் படம் எடுத்து, பிள்ளைகள் பார்த்துப் பழகக்கூடிய மாதிரி ஒரு கொப்பியாக்கித் தரச் சொன்னா. வீடியோ எடுத்தால் சுகம்தானே என்று கேட்டேன்.

"வீடியோ எண்டா பிள்ளையள் பாட்டைத்தான் கேக்குதுகள். காலைப் பாக்குதுகள் இல்லை."

அவ சின்ன வயதில் ஊர் அம்மன் கோயிலில் கரகம் எடுத்த படங்கள் ஒரு அல்பத்தில் இருந்ததாம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அந்த அல்பம் வீட்டிலேயே நிண்டிட்டுது. இங்கே வந்தபிறகு எடுத்தவை எல்லாம் மண்டபப் படங்கள்: மேடைக்கு முப்பது அடி தள்ளி இருந்து எடுத்தது, முகம் வெள்ளை, பின்னால் கறுப்பு, முன்வரிசையில் ஆரோ ஒருவரின் தலை. அவ ஆடுறதைத் தெளிவாகக் காட்டுற படம் எங்கட குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

கரகம் என்றவுடன் உங்களில் பலருக்கு அப்பா அம்மா திரும்பத் திரும்பப் பார்க்கிற 1989ஆம் ஆண்டுப் படம் 'கரகாட்டக்காரன்' ஞாபகம் வரும். தமிழ்நாட்டில் மேடையில் ஆடுற ஆட்டக்கரகத்தில் செம்புக்கு மேலே கூம்பு மாதிரி அலங்காரம், அதன் உச்சியில் ஒரு கிளி. நேர்த்திக்கு எடுக்கிற சக்திக்கரகம் வேறு. பெரியம்மாவினது ஊர் வழக்கம்: பித்தளைச் செம்பு, வேப்பிலை, பூ, அவ்வளவுதான். நல்லதாய்ப் போச்சு. எங்கட அப்பார்ட்மென்ட் கூரை 8 அடி. பெரியம்மா 5 அடி 1 அங்குலம், செம்பும் பூவும் ஒன்றரை அடி. கிளி வைத்த கரகம் எண்டா சீலிங்கைச் சுரண்டியிருக்கும்.

இந்த ஆட்டத்தைப் படம் எடுப்பதில் முதல் தலையிடி அந்தச் செம்புதான். பித்தளையைப் புளி போட்டு மினுக்கினால் அது ஒரு குவிவாடி. டிவி, கதவு, சோபா, போனோடு நிக்கிற நான், எல்லாரும் அதற்குள் தெரிவோம். தட்டையான கண்ணாடி எண்டால் லைட்டைக் கொஞ்சம் சரிச்சு வைத்துப் பளபளப்பை ஒளிக்கலாம். உருண்டையில் அது முடியாது. முன்பக்கத்தில் எங்கே விளக்கை வைத்தாலும் அதன் பிம்பம் செம்பின் ஏதோ ஒரு மூலையில் விழத்தான் செய்யும். அதனால் பளபளப்பை ஒளிக்கப் பாக்கிறதை விட்டுவிட்டு, அது என்ன வடிவத்தில் இருக்கோணும் என்று யோசிப்பதுதான் வழி. போனின் பிளாஷ் எண்டால் சின்ன வெள்ளைப் புள்ளி, குத்தின மாதிரி. மொட்டை பல்பு எண்டாலும் அப்படித்தான். ஆளுயரப் பல்கனிக் கதவு எண்டால் செம்பின் ஒரு பக்கத்தில் நீளமாக, வளைஞ்சு இறங்குற ஒரு வெள்ளிக் கோடு. அந்தக் கோடுதான் செம்பு உருண்டை என்பதைக் கண்ணுக்குச் சொல்லுது.

ஆகவே பகல் படங்களுக்கு ஒரே லைட்: பல்கனிக் கதவு. நேர் வெயில் விழாத நேரமாகப் பாருங்கோ. விழுந்தால் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கதவுக்கு மேலே கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கோ. ஆடுறவர் கதவிலிருந்து ஐந்து அடி தள்ளி, கதவு அவருக்குப் பக்கவாட்டில். மற்றப் பக்கத்தில், டொலர் கடையில் வாங்கின வெள்ளை போம் போர்ட் இரண்டை ஒரு கதிரையில் சாய்த்து வைத்தேன். நிழல் பக்கம் முழுக்கக் கறுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். கனடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு இலவசச் சாமானும் இருக்கு. பல்கனியில் விழுந்த பனியைத் தள்ளாதேங்கோ. வெளிச்சம் அதில் பட்டுக் கீழிருந்து மேலே வரும்; நாடிக்குக் கீழும் செம்பின் அடியிலும் அது செய்யுற வேலையை எந்த ஸ்டூடியோ லைட்டும் அவ்வளவு மெதுவாகச் செய்யாது. ஒரே குறை, டிசம்பரில் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே சூரியன் போயிடும். பன்னிரண்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் முடிக்கோணும். அந்த நேரம் சலங்கைச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரரும் கதவைத் தட்ட மாட்டார்.

வீட்டில் மற்ற எல்லா லைட்டையும் நிப்பாட்டுங்கோ. குசினி லைட், டிவி, ஈசானமூலைச் சாமிப்படத்து எல்ஈடி மாலை, எல்லாம். இது செம்புக்காக மட்டும் இல்லை. யன்னல் வெளிச்சம் கிட்டத்தட்ட 5500 கெல்வின், நீலப்பக்கம்; வீட்டு பல்பு 2700, மஞ்சள்பக்கம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் மஞ்சள் பூசின மாதிரியும் மற்றக் கன்னம் குளிரில் நிண்ட மாதிரியும் வரும். பிறகு கணினியில் ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். ஒரு படத்துக்கு ஒரு நிறவெளிச்சம். நான் விடாமல் பிடிக்கிற ஒரே சட்டம் இது.

இனி முகம். எங்கட தோல்நிறத்தை ஓட்டோவில் விடுறது எனக்குப் பிடிக்காது. கமரா முழுப் படத்தின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்து முடிவெடுக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் எண்டால் "ஓ, வெளிச்சம் கூடிப்போச்சு" என்று குறைக்கும், முகம் கருகும். பின்னால் இருட்டு எண்டால் கூட்டும், முகம் பவுடர் பூசின மாதிரி வெளிறும். இது புதுக் கதையும் இல்லை. பிலிம் காலத்தில் ஆய்வுகூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த கொடக்கின் 'ஷேர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோலுக்கு ஒத்துவந்தால் சரி என்பதுதான் அளவுகோல். மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரொத் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கூகிள் 2021இல் பிக்ஸல் 6 உடன் 'ரியல் டோன்' என்று கொண்டுவந்தது இந்தப் பழைய கணக்கைத் திருத்தத்தான். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, அரக்குச் சீலை கட்டின ஒரு மனுசியின் முகம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கோணும் என்பதை நான் முடிவெடுக்கிறேன். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போசரைப் பூட்டுங்கோ, பிறகு அந்தச் சின்னச் சூரியனைக் கொஞ்சம் கீழே இழுங்கோ. செம்பில் இருக்கிற வெள்ளிக் கோடு வெடிக்காமல் நிக்கிற அளவு போதும். நிழலைப் பிறகு தூக்கலாம். வெடிச்ச வெள்ளையை ஆராலும் மீட்க ஏலாது.

நைட் மோடை நிப்பாட்டுங்கோ. அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குது. அசையாத கோபுரத்துக்கு அது அற்புதம். ஆடுற ஆளுக்கு மூன்றாவது கை முளைக்கும். பல படங்களிலிருந்து நல்ல முகத்தை எடுத்து ஒட்டுற வசதியும் சில போனில் இருக்கு. தலை அசையாமல் இருப்பதே கலை என்கிற ஒரு ஆட்டத்துக்குத் தலையை மாத்துற மென்பொருள்!

ஷட்டர் கையில் இருந்தால்தான் இனிச் சொல்லப்போறது சாத்தியம். சாம்சங்கில் புரோ மோட் இருக்கு. ஐபோனின் சொந்தக் கமராவில் அது இல்லை, ஹலைட் மாதிரி ஒரு செயலி வேணும். போன் கமராவில் துவாரம் பெரும்பாலும் மாறாது. ஆகவே உங்கட கையில் இருப்பது ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் மட்டும்தான். கணக்கு சுகம். பல்கனிக் கதவு வெளிச்சத்தில் எனக்கு ஐஎஸ்ஓ 400இல் 1/500 கிடைத்தது. சீலைக் கரை எழும்பி நிக்கும், சலங்கை மணி ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரியம்மா கேட்ட கொப்பிக்கு இதுதான் சரியான வேகம், ஏனெண்டால் காலும் முழங்காலும் எந்தக் கோணத்தில் இருக்கு என்பது தெளிவாக வேணும்.

கோணம் என்றவுடன் ஒன்று. போனை நிலத்துக்குக் கிட்ட வைத்து மேல்நோக்கி எடுக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு, ஆள் உயரமாகத் தெரியுமாம். கரகாட்டம் என்று யூடியூபில் தேடிப் பாருங்கோ; ஆடுற பெண்களைக் கமரா எங்கேயிருந்து, எதைப் பார்த்து எடுக்குது என்று விளங்கும். அந்தப் பார்வைதான் இந்த ஆட்டத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்ததில் பாதி. எங்கட வீட்டிலேயே ஒரு காலத்தில் "பொம்பிளைப் பிள்ளை உதை ஆடுறதோ" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நான் போனை இடுப்பு உயரத்தில் முக்காலியில் வைத்தேன், துளியும் சரிக்காமல். அகலக் கோணத்தை விட்டு 2x, பதினொரு பன்னிரண்டு அடி தள்ளி. கிட்ட நிண்டு அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் இருக்கிற செம்பு ஊதி, கால் குட்டையாகும். இடுப்பு உயரத்தில் நேராக எடுத்தால் முழங்கால் எவ்வளவு மடிஞ்சிருக்கு என்பதை அளவுகோல் வைத்தே அளக்கலாம். நிலத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒரு சிலுவைக் குறியும் போட்டேன், பதினாறு அடவும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வர.

எப்போது அமத்துறது? பேர்ஸ்ட் போட்டு நூறு படம் எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்கலாம், நானும் செய்தேன். ஆனால் தவில் சொல்லைக் கேட்டு எடுத்தால் பத்துக்கு ஏழு தேறுது. சுற்று முடிஞ்சு வாற கடைசி அடியில் உடம்பு ஒரு கணம் தரிச்சு நிக்கும். அந்த அடிக்கு ஒரு மயிரிழை முந்தி விரல் இறங்கோணும். பெரியம்மாவே எனக்கு வாயால் சொற்கட்டுச் சொல்லித் தந்தா. படம் எடுக்க வந்த எனக்குத் தாளம் பழக்கினதில் அவவுக்கு நல்ல சந்தோசம்.

இப்ப இரவுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் பிடிச்ச பகுதி.

சாமான்: ஹார்ட்வெயர் கடையில் விக்கிற, அலுமினியக் கிண்ணம் போட்ட கிளிப் லாம்பு இரண்டு. 100 வாட்டுக்குச் சமம் என்று பெட்டியில் போட்டிருக்கிற எல்ஈடி பல்பு இரண்டு, அது ஏறத்தாழ 1600 லூமன். வாங்கும்போது இரண்டு பல்பும் ஒரே கெல்வினா என்று பாருங்கோ. சிஆர்ஐ 90க்கு மேல் எண்டால் நல்லது; மலிவு பல்பில் சிவப்பு செத்துப்போகும், குங்குமமும் அரக்குச் சீலையும் மண்ணிறமாகும். ஒரு லாம்பை நேராக ஆளில் காட்டாமல் பக்கத்து வெள்ளைச் சுவரில் அடியுங்கோ. சுவரே பெரிய லைட்டாகிவிடும், செம்பிலும் புள்ளி விழாது. மற்றதைச் சோபாவுக்குப் பின்னால் ஒளிச்சு, பின்பக்கத்திலிருந்து தோளிலும் கொண்டையிலும் படுற மாதிரி. கறுப்புத் தலைமயிர் இருட்டுக்குள் கரையாமல் ஒரு கோடு இழுத்துக் காட்ட அது போதும்.

பின்சுவரை மறைக்கத் துணி தேவையில்லை, தூரம் போதும். சின்ன விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். ஆளுக்கு மூன்று அடியில் இருக்கிற விளக்கு, பின்சுவருக்கு ஒன்பது அடியில் இருந்தால், சுவருக்குப் போறது ஒன்பதில் ஒரு பங்கு. முன்வாசல் சப்பாத்துக் குவியலும் அரிசி மூட்டையும் தானாக இருட்டில் மறையும். சுவரில் பட்டு வாற வெளிச்சத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஆளைப் பின்சுவரிலிருந்து எவ்வளவு முன்னுக்குக் கொண்டுவாறோமோ அவ்வளவு லாபம்.

இந்த வெளிச்சத்தில் 1/500 கேட்காதேங்கோ. கிடைச்சாலும் படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடலாம். மலிவு எல்ஈடி மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்குது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், லைட் செக்கனுக்கு 120 தரம் துடிக்கும். 1/60, 1/120 பாதுகாப்பு. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி ஆக்களுக்கு 50 ஹேர்ட்ஸ், ஆகவே 1/50, 1/100. எனக்கு ஐஎஸ்ஓ 400இல் 1/60 வந்தது. அதை ஐஎஸ்ஓ 100க்கு இறக்கி, ஷட்டரை 1/15க்கு மெதுவாக்கினேன். அங்கேதான் விசயம் இருக்கு.

1/15 செக்கனில் பெரியம்மா சுழலுறா. சீலை ஒரு சிவப்புப் புகை. கை இரண்டும் மறைஞ்சு போச்சு. கால் இருக்கிற இடத்தில் சலங்கையின் மஞ்சள் கோடுகள் மட்டும். மேலே செம்பு, கத்தியால் வெட்டின மாதிரிக் கூர்மையாக, ஒரு அசைவும் இல்லாமல் நிக்குது.

முதலில் எனக்கே நம்ப முடியவில்லை, பிறகு யோசிச்சால் பௌதிகம் சரியாக இருக்கு. உருண்டையான ஒன்று தன் அச்சில் சுத்தினால் அதன் வெளிக்கோடு மாறாது. அதில் தெரியிறது வீட்டின் பிம்பம். வீடு அசையவில்லை, ஆகவே செம்பு சுத்தினாலும் பிம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். பூவும் வேப்பிலையும் மட்டும் ஒரு பச்சை வளையமாகக் கலங்கும். செம்பு மேலே கீழே ஆடினால்தான் படத்தில் கலங்கும், சரிஞ்சால்தான் கலங்கும். அது ஆடவில்லை. உள்ளே போட்டிருக்கிற மூன்று கிலோ அரிசியின் பாரம் சின்ன அதிர்வுகளைத் தடுக்குது என்பது உண்மை. மிச்சம் முழுக்க அவவின்ர முழங்கால். ஒவ்வொரு அடியிலும் நிலம் குடுக்கிற உதையைக் கழுத்துக்கு வரவிடாமல் முழங்கால் மடிஞ்சு குடிச்சுவிடுது.

வகுப்பில் படிக்கிற பதினான்கு வயது ஒன்றுவிட்ட தங்கச்சியைப் பிளாஸ்டிக் குடத்தோடு அதே இடத்தில், அதே 1/15இல் எடுத்தேன். குடம் இரண்டு மூன்று வரியாக மேலே கீழே கீறிக் கிடந்தது. மெதுவான ஷட்டர் ஆட்டத்துக்குப் புள்ளி போடுற ஒரு கருவி என்று அன்றைக்குத்தான் கண்டேன். தங்கச்சி அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒருத்தரும் சொல்லாமல் தானே முழங்காலை இன்னும் மடிச்சுப் பழகத் தொடங்கிட்டாள். ஐபோன் வைத்திருக்கிறவர்கள் லைவ் போட்டோவாக எடுத்துப் பிறகு 'லோங் எக்ஸ்போசர்' என்று மாத்தியும் பார்க்கலாம், ஆனால் அது முழு மூன்று செக்கனையும் குழைச்சுவிடும். ஷட்டரைக் கையால் வைக்கிறதுதான் மேல்.

இதெல்லாம் எங்கே போகுது என்பதையும் சொல்லவேணும். இன்ஸ்டாவுக்குப் போகாது. கேட்டுப் பார்த்தேன், "கொப்பிக்கு எடுத்தது கொப்பியில இருக்கட்டும்" என்று சொல்லிப்போட்டா. அதனால் இந்தக் கடிதத்திலும் படம் இல்லை. மூலக் கோப்புகள் இரண்டு டிரைவில், ஒன்று என்னட்டை, மற்றது அவவின்ர மகள் வீட்டில், வேறு நகரத்தில். பெயரில் அடவின் எண்ணும் திகதியும். வட்ஸ்அப்பில் அனுப்பினதை மூலம் என்று நினைச்சு வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே திரும்பக் கேட்டு வாங்குங்கோ. அது நசுங்கின பிரதி.

போன கிழமை பன்னிரண்டு அடவை அச்சடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தா. செம்பின் வெள்ளிக் கோட்டையும் கொண்டையில் விழுந்த லைட்டையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஏழாவது படத்தை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தா. என்ர கணக்கில் அதுதான் திறம் படம்.

"இதில இடக்கால் முட்டு உள்ளுக்குச் சாஞ்சிருக்கு. நோவில அப்பிடி வைச்சிட்டன் போல. இதைப் பிள்ளையளுக்குக் காட்டாதை, பிழையாப் பழகிடுங்கள். திருப்பி எடுப்பம்."

நோவோடு திரும்ப ஆட வேண்டாம், கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிஞ்சுது. ஏழாவதும், மிச்சம் இருக்கிற நாலும், வாற சனி பன்னிரண்டு மணிக்கு. முதலில் ஏழாவது, முட்டுச் சூடாகிறதுக்கு முதல் நல்லா இருக்குமாம்.